உறைபனிக் காலமே ஆகாயத்தாமரையை அகற்ற ஏற்ற காலம்

மலை ஏரிகளில் ஆகாயத்தாமரை பற்றிய கவலை பெரும்பாலும் கோடைச் சீசன் நெருங்கும்போதுதான் எழுகிறது. மே மாத மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வருவதற்குள் ஏரி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அவசர அவசரமாக இயந்திரங்களை இறக்குகிறோம். நீர்நிலைப் பராமரிப்பில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், இந்தக் காலத்தேர்வே நம் உழைப்பைப் பெருமளவு வீணாக்குகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வெப்பத்தில் செழிப்பது. சாதகமான சூழலில் இரண்டு வாரங்களிலேயே இரட்டிப்பாகும். தாய்ச்செடியிலிருந்து நீளும் ஓடுதண்டின் நுனியில் சேய்ச்செடி உருவாகி, தண்டு அறுந்ததும் தனியே மிதந்து செல்லும். டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும்போது இலைகள் கருகிவிடுவதால் செடியே செத்துவிட்டதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அப்படிக் கருகிய ஒன்றைப் பிடுங்கி அடித்தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரப்பசையோடு உயிர்ப்புடன் இருக்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால் பனி அதை எட்டுவதில்லை, வெயில் ஏறியதும் மீண்டும் துளிர்த்துவிடுகிறது. வளர்ச்சி முடங்கியிருக்கும் அந்த மாதங்களில் அகற்றினால், எடுத்த இடத்தை மிச்சச் செடிகளால் உடனே நிரப்ப முடியாது. பூத்து முடிந்தபின் எடுப்பதில் பயன் குறைவு. பூங்காம்பு நீருக்குள் வளைந்து விதைகளை உதிர்த்துவிடும், அவை சேற்றில் 15 ஆண்டுகளுக்கு மேலும் முளைப்புத்திறன் குன்றாமல் கிடக்கும்.

களைக்கொல்லி தெளிப்பதை நான் ஏற்பதில்லை. மொத்தமாகச் செத்து மூழ்கும் செடிகள் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடியும். இச்செடியைத் தின்று கட்டுப்படுத்துவதற்காக 1980களில் இந்தியாவில் விடப்பட்ட நியோகெட்டினா கூன்வண்டுகள் சமவெளியில் பலன் தந்திருந்தாலும், குளிரில் மந்தமாகிவிடுகின்றன.

எடுத்த செடியின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர்தான் என்பதால், லாரிச் செலவை மிச்சப்படுத்தக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அடுத்த மழையிலேயே அழுகல் நீர் ஏரிக்குத் திரும்பி, செடியோடு வெளியேறியிருக்க வேண்டிய நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கொண்டு சேர்க்கிறது. ஓரிரு நாள் நீர் வடியவிட்டு, அழுகல் நீர் ஏரிக்குள் வடிந்து வராத இடத்துக்குக் கொண்டுபோய் உரமாக்க வேண்டும்.

1820களில் அன்றைய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் உருவாக்கிய உதகை ஏரிக்குள் இன்று கோடப்பமந்து கால்வாய் வழியே நகரின் கழிவுநீர் கலக்கிறது. ஆகாயத்தாமரைக்கு ஊட்டமே அதுதான். கால்வாயைச் சீர்செய்யாமல் செடியை மட்டும் எடுத்தால் ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கால்வாய் சீராகும் வரையிலும், பெரிய அகற்றல் முடிந்த கையோடு வேலையை நிறுத்திவிடாமல், கரையோரப் புதர்களில் ஒதுங்கிய சிறு செடிகளை மார்ச் தொடங்கி இரு வாரங்களுக்கு ஒருமுறை படகில் சென்று கையால் பொறுக்கி எடுக்க வேண்டும்.