கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் அந்த 'முதலிடத்தை' ஒருமுறை சோதியுங்கள்

எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடிவு வந்ததும் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பெற்றோர் பலர் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறார்கள். கல்லூரிகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் ஏதாவது ஒரு செயலியில் பிள்ளைகள் ஏற்கெனவே விவரங்களைப் போட்டிருப்பார்கள். "இதுதான் முதல்ல வருது சார், பணம் கட்டிடலாமா?" என்று கேட்பார்கள். அந்த முதலிடம் எப்படி வந்தது என்று பார்க்காமல் தயவுசெய்து கட்டாதீர்கள்.

கணக்கு எளிமையானது. ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு மதிப்பெண், அது நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடை. எடைகளெல்லாம் சேர்ந்து நூறு சதவீதம். மதிப்பெண்ணை எடையின் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம். பல மென்பொருள்கள் பட்டியலிலேயே மிக மலிவான கல்லூரிக்கு 100, மிக விலை கூடியதற்கு 0 என்று வைத்து, நடுவில் உள்ளவற்றுக்கு விகிதப்படி மதிப்பெண் தருகின்றன; மற்ற அம்சங்களுக்கும் இதே வழிதான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். முதல் கல்லூரியின் மொத்தக் கட்டணம் 18,000 வெள்ளி (ரிங்கிட்), தொழிற்பயிற்சி 3 மாதம், வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர். இரண்டாவது 19,200 வெள்ளி, 6 மாதம், 30 கிலோமீட்டர். மூன்றாவது 18,600 வெள்ளி, 4 மாதம், 90 கிலோமீட்டர். "எது முக்கியம்?" என்று செயலி கேட்டதும் நம் வீடுகளில் யோசிக்காமல் சொல்வது கட்டணம்தான். கட்டணத்துக்கு 50, பயிற்சிக்கு 30, தூரத்துக்கு 20 என்று போடுகிறார்கள். முதல் கல்லூரிக்கு ஏறக்குறைய 67, இரண்டாவதுக்கு 50, மூன்றாவதுக்கு 35. வெறும் 1,200 வெள்ளி வித்தியாசம் 50 புள்ளிகளாகிவிட்டது!

இதே பட்டியலில் யாரும் சேரப்போகாத நான்காவது கல்லூரி ஒன்றைச் சேருங்கள்: 30,000 வெள்ளி, 4 மாதம், 60 கிலோமீட்டர். இப்போது 19,200 வெள்ளிக்கு 90 மதிப்பெண் கிடைக்கிறது. இரண்டாவது கல்லூரி 95 புள்ளியோடு முதலிடத்துக்குப் போகிறது, முதல் கல்லூரி 67-லேயே நிற்கிறது. கடைசியில் நிற்கும் கல்லூரி முதலிடத்தை மாற்றிவிட்டது. இப்படி வரிசை தலைகீழாவது முடிவெடுக்கும் முறைகளை ஆராயும் துறை அறிந்த விஷயம்தான். தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய, அம்சங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை போடும் ஏ.எச்.பி. முறையிலும் இது நேரும் என்று பெல்டன், கியர் என்ற ஆய்வாளர்கள் 1983-லேயே காட்டினார்கள்.

அதனால் "எது முக்கியம்" என்று நான் கேட்பதில்லை. "அக்கா, 1,200 வெள்ளி மிச்சமாகணுமா, பிள்ளைக்கு மூணு மாசம் கூடுதலா பயிற்சி கிடைக்கணுமா? ஒண்ணுதான்னா எது?" என்று கேட்கிறேன். சற்று யோசித்துவிட்டுப் பெரும்பாலோர் பயிற்சி என்கிறார்கள். எடை என்பது இந்த வித்தியாசத்துக்குப் போட வேண்டியது, 'கட்டணம்' என்ற பேருக்கு அல்ல. மூன்று கல்லூரிகளை வைத்தே பயிற்சிக்கு 50, தூரத்துக்கு 30, கட்டணத்துக்கு 20 என்று மாற்றினால் இரண்டாவது கல்லூரிக்கு 80, முதல் கல்லூரிக்கு 45. கட்டணத்தில் உண்மையிலேயே பத்தாயிரம் வெள்ளி இடைவெளி இருந்தால் பதில் வேறாக இருக்கும். அப்போது எடையும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

சில விஷயங்களை எடைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) தரும் அங்கீகாரம் அப்படிப்பட்டது. அதற்கு 20 எடை போட்டால், அங்கீகாரமில்லாத படிப்பு மற்றவற்றில் புள்ளி வாங்கி மேலே ஏறிவிடும். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது பேரிடி. அங்கீகாரமில்லாததை முதலிலேயே நீக்கிவிட்டு மிச்சத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

பிறகு ஓர் எடையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். மேலே சொன்ன மூன்று கல்லூரிகளில், மற்ற இரண்டின் விகிதத்தை மாற்றாமல் கட்டண எடையை 50-லிருந்து 40-க்கு இறக்கினால் முதல் இரண்டும் 60 புள்ளியில் சமமாகின்றன. இன்னும் இறக்கினால் இரண்டாவது முந்துகிறது. இவ்வளவு நெருக்கமாக வந்தால் செயலியை மூடிவிட்டு இரண்டு கல்லூரிகளையும் நேரில் போய்ப் பாருங்கள். எடை போடும்போது பிள்ளையைத் தனியாகவும் பெற்றோரைத் தனியாகவும் போடச் சொல்லுங்கள். தூரத்துக்கு அப்பா 40 போட்டு மகள் 5 போட்டால், உட்கார்ந்து பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.