லேபிளில் 500 வாட், 12 வோல்ட்டில் எவ்வளவு?

புதிய கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியாயிற்று. டெஸ்க்டாப் வருகிறது, படம் ஓடுகிறது, எல்லாம் சரி. கனமான ஒரு கேமைத் திறந்து கொஞ்ச நேரம் ஆடினால், நீலத் திரை இல்லை, பிழைச் செய்தி இல்லை, யாரோ ப்ளக்கைப் பிடுங்கியதுபோல மொத்தமும் அணைந்துவிடுகிறது. கார்டுதான் பழுது என்று பலர் அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது பவர் சப்ளையை. இதில் வேடிக்கை என்னவென்றால், கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாட் கணக்கு சரியாகவே வரும்.

பவர் சப்ளை, அதாவது எஸ்.எம்.பி.எஸ்., சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருகிறது. இன்றைய கம்ப்யூட்டரில் அதிகம் சாப்பிடுபவை பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும். இரண்டும் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. அதனால் அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். '500 வாட்' என்று விற்கப்படும் இரண்டு யூனிட்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் +12 வோல்ட்டுக்கு நேராக 41 ஆம்பியர் என்று இருக்கிறது. 12-ஆல் பெருக்கினால் 492 வாட். இன்னொன்றில் 28 ஆம்பியர்தான், வெறும் 336 வாட். மிச்சத்தை 5, 3.3 வோல்ட் கணக்கில் காட்டியிருப்பார்கள். பிராசஸர்கள் 5 வோல்ட்டை நம்பியிருந்த காலத்தின் பழைய வடிவமைப்பு அது. 320 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 27 ஆம்பியர் வேண்டும். இரண்டாவது யூனிட்டில் அதற்குப் பிறகு பிராசஸருக்கு என்ன இருக்கிறது?

சரி, ஒரு கணக்குப் போடுவோம். கார்டு 320 வாட், நடுத்தர பிராசஸர் 125, மதர்போர்டு, மெமரி, டிஸ்க், விசிறி எல்லாமாக ஒரு 60. மொத்தம் 505 வாட். பிராசஸர் விஷயத்திலும் கவனம் வேண்டும். இன்டெல் ஐ9-13900கே-யின் அடிப்படை அளவு 125 வாட்தான், ஆனால் டர்போ வேகத்தில் 253 வாட் வரை போக அதற்கு அனுமதி உண்டு. நம் கணக்கில் 505 வந்தால் 550 வாட் யூனிட் போதுமே என்று தோன்றும். ஆனால் 3080-க்கு அதை உருவாக்கிய என்விடியா நிறுவனம் பரிந்துரைப்பது 750 வாட். விற்பனைத் தந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கார்டின் 320 வாட் என்பது சராசரி. கார்டிலேயே இருக்கும் மின்னழுத்தச் சுற்று 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்து சிப்புக்குக் கொடுக்கிறது. சிப் 200 வாட் எடுத்தால் அதற்குள் பாய்வது சுமார் 200 ஆம்பியர்! ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது, சும்மா இருந்த கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கும். கார்டின் கட்டுப்பாட்டு நிரல் அதைக் கவனித்து வேகத்தைக் குறைப்பதற்கு முன், மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில், மின்தேவை சொன்ன அளவைப் போல ஒன்றரை, இரண்டு மடங்குக்குத் தாவிவிடும். சிறு தாவல்களைக் கார்டில் உள்ள மின்தேக்கிகள் விழுங்கிவிடும். பெரியவை பவர் சப்ளை வரை வரும். அங்கே மிகைமின்னோட்டப் பாதுகாப்பு என்று ஒரு காவல் இருக்கிறது. எங்கோ ஷார்ட் ஆகிவிட்டது என்று அது முடிவுகட்டி எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஒரே சீராகச் சுமை ஏற்றும் சோதனை மென்பொருளில் ஒரு மணி நேரம் தாங்கும் கம்ப்யூட்டர், சுமை ஏறி இறங்கும் கேமில் விழுவது இதனால்தான்.

பவர் சப்ளைகளுக்கென 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே ஒரு நிபந்தனை வைத்தது: கிராஃபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தரும் புதிய 16 பின் கனெக்டருடன் வரும் 450 வாட்டுக்கு மேற்பட்ட யூனிட்கள், தங்கள் அளவைப்போல இரு மடங்கு சுமையை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் நான் முதலில் தேடுவது இந்தக் குறிப்பைத்தான். பெயர் தெரியாத 850 வாட்டைவிட, இந்த விதிக்கு உட்பட்ட நல்ல 750 வாட் மேல். பெரிய யூனிட் போட்டால் மின்கட்டணம் எகிறும் என்ற பயமும் வேண்டாம். கேட்ட அளவுதான் அது கொடுக்கும்.

'80 பிளஸ் கோல்டு' முத்திரை திறனை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதைப் பற்றியது, தாங்குசக்தியைப் பற்றியது அல்ல. 650 வாட் யூனிட் என்றால், அது வெளியே தரும் அளவு. 90 சதவீதத் திறனில் அதைத் தர, சுவரிலிருந்து சுமார் 722 வாட் இழுக்கும். மீதி வெப்பமாகப் போகும்.

அப்புறம் கேபிள். மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் கனெக்டர் 75, 8 பின் 150. 8 பின்னில் மூன்று 12 வோல்ட் கம்பிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நாலு ஆம்பியர் சொச்சம்தான், நிறைய இடம் மிச்சம். 16 பின் கனெக்டரோ 600 வாட்டை ஆறு பின்களில் கடத்துகிறது, தலா 8.3 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறும். எனவே பாதி செருகிய கனெக்டரில் தொடுபரப்பு குறைந்தால் பிளாஸ்டிக்கே உருகும். ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் அப்படி உருகிய படங்கள் பரவின. பிறகு வந்த 12வி-2x6 வடிவத்தில் கேபிள் மாட்டியிருக்கிறதா என்று கார்டுக்குச் சொல்லும் உணர்வு பின்களைக் குட்டையாக்கினார்கள். முழுவதும் செருகாவிட்டால் கார்டு மின்சாரம் எடுக்காது. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளின் இரட்டைத் தலையை மாட்டாமல் இரண்டு தனிக் கேபிள்களைப் போடுங்கள்.

பழைய யூனிட்டை மாற்றும்போது அதன் கழற்றி மாட்டும் கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெட்டியை மட்டும் செருகலாமே என்று கை போகும். வேண்டாம். கார்டு பக்கம் பின் வரிசைக்குப் பொது விதி உண்டு, பவர் சப்ளை பக்கம் கிடையாது. ஒரு நிறுவனம் தரையிணைப்பு வைத்த இடத்தில் இன்னொன்று 12 வோல்ட் வைத்திருக்கலாம். செருகினால் கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும், ஹார்டு டிஸ்க் கருகிய பிறகுதான் விஷயம் தெரியும்.