காலி அட்டையானாலும் எடுத்து வாருங்கள்

மாசி, பங்குனி வந்தால் தர்மபுரிப் பக்கம் புளி உலுக்கும் காலம். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் அப்போது எங்கள் வார்டுக்கு வருவார்கள். பென்னாகரம் பக்கத்துத் தம்பி ஒருவரும் அப்படி வந்தவர்தான். இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. சில வாரம் கழித்துக் கால் தானாக வெட்டி வெட்டி இழுத்தது. "சிஸ்டர், காலுக்கு உசுரு வந்துடுச்சு" என்று அவர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூளையின் கட்டுப்பாடு அறுந்துபோனதால் தண்டுவடம் தன்னிச்சையாகத் தசையை இழுக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு கை மடங்கி இறுகுவதும் இப்படித்தான். ஃபுளோரைடு மிகுந்த போர்த் தண்ணீரைப் பல வருஷம் குடித்து, எலும்பு தடித்துத் தண்டுவடத்தை நெருக்கினாலும் கால் விறைக்கும். போர்த் தண்ணீருக்கு மாற்றாக ஒகேனக்கல் காவிரிக் குடிநீர் 2013-இல்தான் இந்தப் பக்கம் வந்தது.

இந்த விறைப்புக்குப் பெரும்பாலும் கொடுப்பது பாக்லோஃபென். 5 மி.கி.யில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். முதுகு பிடித்துக்கொண்டால் நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்துகிற மாத்திரை வேறு. இரண்டையும் 'நரம்பு மாத்திரை' என்றே சொல்வதில்தான் வினை.

அந்தத் தம்பிக்கு 10 மி.கி. பாக்லோஃபென் மாத்திரை வேளைக்கு இரண்டு, மூன்று வேளை. பத்து மாத்திரை அட்டை இரண்டு நாளுக்குக்கூட வராது. ஊர்த் திருவிழா நேரத்தில் தீர்ந்துபோனது, முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. கால் பலகை மாதிரி விறைத்தது. இல்லாத ஆளோடு பேசினார். காத்து பட்டிருக்கிறது என்று கயிறு மந்திரித்துக் கட்டியதில் ஒரு ராத்திரி போனது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் சொல்லவில்லை, நானும்தான். அந்த அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த காலி அட்டையைப் பார்த்த பிறகுதான் டாக்டருக்குப் பிடிபட்டது. மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள், தேறிவிட்டார். சிலருக்கு வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். குறைப்பதென்றாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான்.

விறைப்பு திடீரென்று கூடினால், மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள். மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, படுக்கைப்புண் இருக்கிறதா? பெரியவர் ஒருவருக்கு இரண்டு நாளாகக் காலில் ஓயாத இழுப்பு. சாக்ஸைக் கழற்றினால் கட்டைவிரல் நகம் சதைக்குள் புதைந்து சீழ் பிடித்திருந்தது. உணர்ச்சியற்ற கால் தன் வலியை இழுத்துத்தான் சொல்லும்.

விறைப்பு முழுசாகப் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. சிலர் அந்த விறைப்பை ஊன்றித்தான் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறார்கள். மருந்து கூடினால் கால் துவண்டுவிடும்.

விறைப்புக்கு டைசானிடின் என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. அதைப் போடுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கலாம். சற்று உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். மூத்திரத் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினால் அங்கேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, டைசானிடின் ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பாக்லோஃபென் உடம்பில் தேங்கும், அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். குடி எதனோடும் ஆகாது.

ஒரு வார மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். ஊர்க் கடையில் பாக்லோஃபென் எப்போதும் இருக்காது. அப்புறம், அவசரமாக ஆஸ்பத்திரிக்கு வந்தால் அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். காலியாக இருந்தாலும் சரி.