அங்கவீனர் கொடுப்பனவு கிடைக்கவில்லையா? திருகோணமலை மாவட்டத்தில் விண்ணப்பமும் மேன்முறையீடும்

பிரதேச செயலகத்தில் "உங்களுக்குக் கிடைக்காது" என்று வாயால் சொன்னால், அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கலாம். தகுதி இருந்தும் நிதி ஒதுக்கீடு போதாமல் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கலாம். அல்லது முன்பு வந்துகொண்டிருந்த பணம் நிறுத்தப்பட்டிருக்கலாம். மூன்றுக்கும் வழி வேறு. எது என்று தெரியாமல் மேன்முறையீடு எழுதுபவர்கள்தான் அதிகம். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் "என்னை நிராகரித்தது அநியாயம்" என்று எழுதினால், "நாங்கள் நிராகரிக்கவே இல்லையே" என்று ஒரு வரியில் பதில் வரும். அதற்குள் மாதங்கள் போய்விடும். ஆகவே முதல் வேலை, அந்தப் பதிலை எழுத்தில் வாங்குவது.

எந்தப் பணம், யாருடைய பணம்

அங்கவீனர் கொடுப்பனவு, அதாவது வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு, மத்திய அரசின் பணம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் பிரதேச செயலகங்கள் ஊடாக நடத்திவந்த திட்டம் இது; 2023இல் அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் வந்தபின் நலன்புரி நன்மைகள் சபையும் இதற்குள் வந்துவிட்டது. தொகை 2023 வரை 5,000 ரூபாய், பிறகு 7,500, 2025 ஏப்ரல் தொடக்கம் 10,000 ரூபாய். சிறுநீரக நோயாளர் கொடுப்பனவும் இதே தொகைதான், ஆனால் அது தனித் திட்டம், தனி விண்ணப்பம்.

அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு குடும்பத்துக்கானது. அங்கவீனர் கொடுப்பனவு ஓர் ஆளுக்கானது. அஸ்வெசும பட்டியலில் பெயர் வராத வீட்டில் இருப்பவரும் வருமானம் குறைந்தவராக இருந்தால் அங்கவீனர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். "அஸ்வெசும இல்லாட்டி இதுவும் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அப்படிச் சொல்லும் சுற்றறிக்கை எது என்று கேளுங்கள்.

மூன்றாவது, மாகாண சபையின் பணம். ஊரில் பழையவர்கள் பிச்சைச் சம்பளம் என்று சொல்லும் பொதுசன மாதாந்த உதவிப்பணம், காசநோய், தொழுநோய், புற்றுநோய் போன்றவற்றுக்கான உதவி எல்லாம் கிழக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் வருபவை. தொகை சிறியது. ஆனால் மத்திய அரசின் பட்டியலில் இடம் வரும்வரை இதையாவது கேட்டு வைக்கலாம். அங்கவீனர் கொடுப்பனவுக்கும் மாகாண உதவிக்கும் வாசல் ஒன்றுதான்: பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவைகள் உத்தியோகத்தர். மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. நீங்கள் வசிக்கும் கிராம உத்தியோகத்தர் பிரிவு எதற்குள் வருகிறதோ அங்கேதான் போகவேண்டும். கிண்ணியாவில் வசித்துக்கொண்டு வாக்காளர் பதிவை மூதூரில் வைத்திருப்பவருடைய விண்ணப்பம் இரண்டு இடத்திலும் அந்தரத்தில் நிற்கும். சம்பூர்ப் பக்கம் மீளக்குடியேறிய குடும்பங்களிலும், திருமணமாகி வேறு பிரிவுக்குப் போனவர்களிலும் இந்தச் சிக்கல் கூடுதல். முதலில் பதிவை மாற்றுங்கள், பிறகு விண்ணப்பம்.

கோப்பில் என்ன இருக்கவேண்டும்

விண்ணப்பப் படிவம் இலவசம். கேட்கும் ஆவணங்களும் பெரிதல்ல: தேசிய அடையாள அட்டைப் பிரதி, பிள்ளை என்றால் பிறப்புச் சான்றிதழ், வதிவிடத்துக்கும் வருமானத்துக்கும் கிராம உத்தியோகத்தரின் சான்று, அரச வைத்தியரின் மருத்துவச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். கள உத்தியோகத்தர்கள் எல்லா நாளும் மேசையில் இருக்கமாட்டார்கள். வெருகலில் இருந்தோ புல்மோட்டையில் இருந்தோ ஆளைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். விண்ணப்பிப்பவரே நேரில் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லாத வேலைகளுக்கு அவரை இழுத்தடிக்கவேண்டாம். உத்தியோகத்தர் எப்படியும் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும்.

பெயர் எழுத்து வேறுபாடு சின்ன விஷயம் போல் தெரியும், ஆனால் அதிகம் சிக்குவது அங்கேதான். அடையாள அட்டையில் சிங்களத்தில் ஒரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் தமிழில் வேறு விதமாகவும், வங்கியில் ஆங்கிலத்தில் மூன்றாவது விதமாகவும் ஒரே பெயர் இருக்கும். கணினியில் ஏற்றும்போது அடையாள அட்டை இலக்கம்தான் சாவி. பழைய ஒன்பது இலக்க எண்ணை ஓரிடத்திலும் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணை இன்னோரிடத்திலும் கொடுத்தால் இரண்டு ஆட்களாகப் பதிவாகும். ஒன்றைத் தீர்மானித்து எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள். பெயர் வேறுபாடு இருந்தால், இருவரும் ஒருவரே என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் எடுத்து ஆரம்பத்திலேயே விண்ணப்பக் கோவைக்குள் வையுங்கள்.

மருத்துவச் சான்றிதழ்

கோவை தோற்பதும் வெல்வதும் பெரும்பாலும் இந்தத் தாளில்தான். வைத்தியர் பழக்கத்தில் நோயின் பெயரை எழுதுவார்: "வலது பக்கப் பாரிசவாதம்". கொடுப்பனவைத் தீர்மானிப்பவர் தேடுவது நோயை அல்ல, அந்த ஆள் எதைச் செய்ய முடியாமல் இருக்கிறார் என்பதை. "தனியாக எழுந்து நிற்க முடியாது, மலசலகூடம் போக ஒருவர் தாங்கவேண்டும், வலது கையால் எதையும் பிடிக்க முடியாது, பேச்சு வெளியாருக்கு விளங்காது, ஒன்றரை வருடமாக முன்னேற்றம் இல்லை" என்று இருந்தால் அதே நோய் வேறு கனத்தோடு நிற்கும்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை கிளினிக்கில் வைத்தியருக்கு உங்களோடு கதைக்க நாலைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். ஆகவே ஒரு அரைப்பக்கத் தாளில் மேலே சொன்ன மாதிரி தினசரி வாழ்க்கையை எழுதிக்கொண்டு போங்கள்: குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, நடப்பது, தனியே விடமுடியுமா, யார் பார்க்கிறார்கள். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்குங்கள். கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளில் கிளினிக் போடுபவர்கள் அங்கேயே கேட்கலாம். பல வருடம் பார்த்த வைத்தியரின் ஒரு பந்தி, முதல்முறை பார்ப்பவரின் ஒரு பக்கத்தைவிட மேல்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கேள்விக்குறைபாட்டுக்குக் கேள்திறன் சோதனைத் தாளை இணையுங்கள். பார்வைக்கு இரண்டு கண்ணின் அளவும் கண் கிளினிக்கில் எழுதப்பட்டிருக்கவேண்டும். "பார்வை மங்கல்" என்பது போதாது. வலிப்பு என்றால் மூன்று மாதத்துக்கு எந்தெந்தத் திகதி வந்தது, எவ்வளவு நேரம், விழுந்து காயப்பட்டாரா என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மனநோயும் புத்திக்குறைபாடும்தான் மிகவும் கஷ்டமானவை. உத்தியோகத்தர் வரும் அன்று ஆள் அமைதியாக இருந்து, கேட்ட கேள்விக்கு அழகாகப் பதில் சொல்லி, "நான் எல்லாம் செய்வேன்" என்றும் சொல்லிவிடுவார். அறிக்கையில் அதுவே ஏறும். பராமரிப்பவர் அன்று கட்டாயம் வீட்டில் இருக்கவேண்டும். மனநலக் கிளினிக் கொப்பியை அவரே எடுத்துக் காட்டவேண்டும்.

அந்த வருகைக்காக வீட்டை ஒழுங்குபடுத்தி, ஆளைக் குளிப்பாட்டி, நல்ல உடுப்புப் போட்டு இருத்துவது எங்கள் ஆட்களின் வழக்கம். மரியாதைதான், ஆனால் உத்தியோகத்தர் பார்க்கவேண்டியது சாதாரண நாளை.

எழுத்தில் கேட்பது

பதில் வாயால் வந்தால், அன்றோ அடுத்த நாளோ பிரதேச செயலாளருக்குக் கடிதம் கொடுங்கள். நீளம் வேண்டாம்:

"எனது மகன் (பெயர், அடையாள அட்டை இலக்கம்) மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு (திகதி) அன்று விண்ணப்பித்தார். கொடுப்பனவு வழங்க முடியாது என (திகதி) அன்று வாய்மூலம் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா, காத்திருப்போர் பட்டியலில் உள்ளதா என்பதையும், நிராகரிக்கப்பட்டிருந்தால் அதற்கான காரணத்தையும், பட்டியலில் இருந்தால் அவரது வரிசை இலக்கத்தையும் எழுத்துமூலம் தமிழில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. கோமரன்கடவல, மொறவெவ, பதவி ஸ்ரீபுர போன்ற பிரிவுகளில் வசிக்கும் தமிழ் பேசுபவர்களுக்கும் அது பொருந்தும். விளங்காத சிங்களப் படிவத்தில் கையொப்பம் வைக்கவேண்டாம்.

பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) கைகொடுக்கும். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள்; விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு; அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு தரவேண்டும். அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு, இரண்டு மாதத்துக்குள். கேட்கவேண்டியது "ஏன் தரவில்லை" என்ற கேள்வியை அல்ல. ஆவணத்தைக் கேளுங்கள்: வீட்டு வருகை அறிக்கையின் பிரதி, புள்ளியிட்ட தாளின் பிரதி, காத்திருப்போர் பட்டியலில் உங்கள் இடம். இன்னொருவருக்காகக் கேட்பதானால் அவருடைய சம்மதக் கடிதத்தையும் வையுங்கள்.

மேன்முறையீடு

காரணம் கையில் வந்தபின் மேன்முறையீடு அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். "வருமானம் கூட" என்றால் வருமானத்தைப் பற்றி மட்டும்: மீன்பிடி வருமானம் பருவத்தோடு மாறும், வாடைக்காற்றுக் காலத்தில் படகு இறங்காது என்பதைச் சங்கக் கடிதத்தோடு காட்டுங்கள். "குறைபாடு போதாது" என்றால் புதிய மருத்துவத் தாள் இல்லாமல் மேன்முறையீடு செய்வதில் பயன் இல்லை. வறுமையையும் யுத்தத்தையும் இடம்பெயர்வையும் நாலு பக்கத்துக்கு எழுதுவது மனதுக்கு ஆறுதல் தரும், ஆனால் கோவையை நகர்த்தாது.

காத்திருப்போர் பட்டியல் என்றால் மேன்முறையீடு அல்ல, முன்னுரிமை கேட்கும் கடிதம் எழுதவேண்டும். பட்டியலில் போட்ட பிறகு நிலைமை மோசமாகியிருந்தால், உதாரணமாகப் பராமரித்த தாய் இறந்துவிட்டார் அல்லது இரண்டாவது காலும் அகற்றப்பட்டது என்றால், அதைச் சான்றோடு அறிவியுங்கள். பெறுநர் ஒருவர் இறக்கும்போதோ புதிய ஒதுக்கீடு வரும்போதோதான் பட்டியல் நகரும். உங்கள் தாள் பழசாக இருந்தால் இன்னொருவர் முந்துவார்.

நிறுத்தப்பட்ட பணத்துக்கு முதலில் பார்க்கவேண்டியது வங்கி. நீண்டகாலம் பணம் எடுக்காத கணக்கு செயலற்றதாகியிருக்கும், அல்லது கணக்கிலக்கத்தில் ஓர் எண் பிழைத்திருக்கும். அதன் பிறகு கிராம உத்தியோகத்தர்: மட்டக்களப்பிலோ கொழும்பிலோ உறவினர் வீட்டில் சிகிச்சைக்காகச் சில மாதம் இருந்தவரை "பிரிவில் இல்லை" என்று குறித்திருக்கலாம். திரும்பி வந்ததும் அவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். கணக்கைப் பாதுகாவலர் இயக்கி, அவர் இறந்திருந்தால், புதிய பாதுகாவலரைப் பிரதேச செயலகம் ஏற்கும்வரை பணம் நிற்கும். நிலுவையையும் சேர்த்துக் கேட்க மறக்கவேண்டாம்.

அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லாததற்கான மேன்முறையீடு வேறு பாதை: பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவில் அல்லது நலன்புரி நன்மைகள் சபையின் இணையத்தளத்தில், அறிவிக்கும் காலத்துக்குள். விசாரிக்கத் தொலைபேசி இலக்கம் 1924. புள்ளியிடுவது கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு வகையில், 22 சுட்டிகளைக் கொண்டு. சுகாதாரத்தில் மாற்றுத்திறனாளி இருக்கிறாரா என்பதும் ஒன்று. கணக்கெடுக்க வந்தவரிடம் மருத்துவத் தாளைக் காட்டாமல் விட்டிருந்தால் அந்தச் சுட்டி வெறுமையாகக் கிடக்கும். மேன்முறையீட்டில் முதலில் அதைத்தான் சரிபார்க்கவேண்டும்.

பிரதேச செயலகத்தில் முடியாவிட்டால்

அடுத்த படி மாவட்டச் செயலகம், ஊர்ப் பேச்சில் கச்சேரி. அரசாங்க அதிபருக்கு எழுதும்போது முன்னைய கடிதங்களின் பிரதியை இணையுங்கள். பாகுபாடு நடந்திருக்கிறது என்றால், அதாவது ஒரே நிலைமையில் உள்ள இன்னொருவருக்குக் கொடுத்து உங்களுக்குக் காரணமின்றி மறுத்தார்கள் என்றால், திருகோணமலையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். இங்கே ஒரு திகதி முக்கியம்: உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம் மட்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஒரு மாதம் கழித்துப் போனால் ஆணைக்குழு விசாரிக்கலாம், ஆனால் நீதிமன்றக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். வழக்கறிஞர் செலவு முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். அது வேலை, கல்வி, பொது இடங்களில் நுழைவு ஆகியவற்றில் நடக்கும் பாகுபாட்டுக்கானது. மாதக் கொடுப்பனவு மறுப்புக்கு அந்த வழி நேராகப் பொருந்தாது.

கேட்க மறக்கும் இன்னும் இரண்டு. இறந்த அரச ஊழியரின் பிள்ளை மாற்றுத்திறனாளி என்றால், 26 வயதோடு அநாதைகள் ஓய்வூதியம் முடியவேண்டியதில்லை. பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள். கமக்காரர் அல்லது மீனவர் ஓய்வூதியத் திட்டத்தில் தவணை கட்டியவர் வேலை செய்ய முடியாதபடி ஊனமானால் அதிலும் ஒரு நன்மை உண்டு. பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள்.

படிவத்துக்கோ, பட்டியலில் முன்னுக்குப் போடவோ யாராவது பணம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.