உள்ளூர் நீதிபதியின் கையில் ஐரோப்பியச் சட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று ஊருக்கு ஊர் நீதிமன்றம் கிடையாது. ஜப்தி செய்ய அமீனாவும் கிடையாது. லக்சம்பர்க்கில் ஒன்றியத்தின் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் விமானம் தாமதமானதற்கு இழப்பீடு கேட்டோ, வங்கி ஒப்பந்தத்தில் அநியாயமான நிபந்தனை இருக்கிறதென்றோ ஒரு தனிமனிதர் நேராக அங்கே போய் வழக்குத் தொடுக்க முடியாது. போக வேண்டிய இடம் அவர் வாழும் நாட்டின் சாதாரண நீதிமன்றம். உறுப்பு நாடுகள் 27-லும் அந்த உள்ளூர் நீதிபதிதான் ஐரோப்பியச் சட்டத்துக்கும் நீதிபதி. (ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் மனித உரிமை நீதிமன்றம் வேறு, அது ஒன்றியத்தின் அமைப்பே அல்ல. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

இந்த அதிகாரம் வழக்கு வழக்காக வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்து ரசாயனப் பொருள் இறக்குமதி செய்த டச்சு நிறுவனம் ஒன்று, சுங்கவரி 3 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக உயர்ந்ததை எதிர்த்தது. உறுப்பு நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் தரும் உரிமையைத் தனியார் தம் நாட்டு நீதிமன்றத்திலேயே கேட்டுப் பெறலாம் என்று லக்சம்பர்க் நீதிமன்றம் 1963-இல் சொன்னது. அடுத்த ஆண்டு மிலான் நகர வழக்கறிஞர் கோஸ்டா, மின்துறை அரசுடைமையானதை எதிர்த்து 1,925 லிரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியிடம் தொடங்கிய அந்த வழக்கில்தான், உள்நாட்டுச் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் மோதினால் ஐரோப்பியச் சட்டமே மேலோங்கும் என்ற தீர்ப்பு வந்தது. 1978-இல் இன்னொரு படி: மோதும் உள்நாட்டுச் சட்டத்தை எந்த நீதிபதியும் தானே ஒதுக்கிவைக்க வேண்டும்; நாடாளுமன்றம் திருத்தட்டும், அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்யட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு எல்லை உண்டு. ஐரோப்பியச் சட்டத்தையே செல்லாது என்று அறிவிக்க உள்ளூர் நீதிபதிக்கு அதிகாரமில்லை. அது லக்சம்பர்க்குக்கு மட்டுமே உரியது.

சட்டத்தின் பொருளில் சந்தேகம் எழுந்தால் நீதிபதி வழக்கை நிறுத்திவைத்து லக்சம்பர்க்குக்குக் கேள்வி அனுப்பலாம். ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தம், பிரிவு 267 தரும் வழி இது. மேல்முறையீட்டுக்கு இடமில்லாத இறுதி நீதிமன்றம் என்றால் அனுப்பியே ஆக வேண்டும். அதே கேள்விக்கு முன்பே பதில் வந்திருந்தாலோ, பதில் ஐயமின்றித் தெளிவாக இருந்தாலோ விலக்கு உண்டு. கேள்வி அனுப்பச் சொல்லி வழக்காடுபவர் கேட்கலாம், முடிவு நீதிபதியுடையது. லக்சம்பர்க்கில் நீதிமன்றக் கட்டணம் இல்லை. கேள்வி எந்த மொழியில் போனதோ அந்த மொழியிலேயே அங்கு வழக்கு நடக்கும். பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். வந்த பிறகு தீர்ப்பு எழுதுவது மறுபடியும் உள்ளூர் நீதிபதிதான்.

இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை ஸ்பெயின் காட்டியது. பார்சலோனாவுக்கு அருகே ஒருவர் 2007-இல் குடும்ப வீட்டை அடமானம் வைத்து 1,38,000 யூரோ கடன் வாங்கினார். தவணை தவறினால் 18.75 சதவீத வட்டி என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தவணை நின்றது, 2011 ஜனவரியில் குடும்பம் வெளியேற்றப்பட்டது. ஒப்பந்தம் அநியாயமானது என்ற வாதத்தை ஏல வழக்கில் எழுப்ப ஸ்பானியச் சட்டம் இடம் தரவில்லை. தனி வழக்குப் போடலாம். ஆனால் அதை விசாரிக்கும் நீதிபதியால் ஏலத்தை நிறுத்த முடியாது. வீடு போன பிறகு நியாயம் கிடைத்து என்ன பயன்? பார்சலோனாவின் வணிக நீதிமன்ற நீதிபதி ஒருவர் இதை லக்சம்பர்க்குக்கு அனுப்பினார். நுகர்வோரைப் பாதுகாக்கும் 1993-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணைக்கு இந்த நடைமுறை முரணானது என்று 2013 மார்ச் 14 அன்று பதில் வந்தது. இரண்டே மாதத்தில் ஸ்பெயின் தன் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுக்க மக்கள் வீடிழந்துகொண்டிருந்த காலம் அது. கீழ்நிலை நீதிபதி ஒருவர் கேட்ட கேள்வி அந்தக் கதவைத் திறந்தது என்பதை நினைக்க இன்றும் எனக்கு நெகிழ்ச்சிதான்.

ஐரோப்பியச் சட்டத்தில் இரண்டு வகையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒழுங்குவிதி நேரடியாகச் செல்லும், தனியார் நிறுவனத்தின் மீதும். ஆணை என்பது, நாடுகள் தங்கள் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது. எழுதத் தவறிய அரசுக்கு எதிராக ஆணையைக் காட்டலாம். தனியாருக்கு எதிராக நேரடியாகக் காட்ட முடியாது. ஆனால் உள்நாட்டுச் சட்டத்தை இயன்றவரை ஆணைக்கு இசைவாகப் படிக்க நீதிபதி கடமைப்பட்டவர். அதுவும் முடியாதபோது அரசிடமே இழப்பீடு கேட்கலாம். நிறுவனம் நொடித்ததால் சம்பள பாக்கியை இழந்த இத்தாலியத் தொழிலாளர்களின் வழக்கில் 1991-இல் பிறந்த உரிமை அது.

ஒழுங்குவிதிக்கு நம்மவர்களும் அடிக்கடி சந்திக்கும் உதாரணம், விமானப் பயணிகளுக்கான 261/2004. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ இழப்பீடு. விதியின் வாசகம் விமானம் ரத்தானால், அல்லது பயணியை ஏற்ற மறுத்தால் என்றுதான் சொல்கிறது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் அது பொருந்தும் என்றானது 2009-இல், ஜெர்மன், ஆஸ்திரிய நீதிமன்றங்கள் அனுப்பிய கேள்விகளால். பயணி எந்த நாட்டுக் குடிமகன் என்பது பொருட்டல்ல. பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்குப் புறப்படுபவருக்கு எந்த நிறுவன விமானமானாலும் உரிமை உண்டு. சென்னையிலிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே. தவிர்த்திருக்க முடியாத அசாதாரணச் சூழல் என்று நிறுவனம் நிரூபித்தால் தொகை கிடைக்காது.

இந்த இழப்பீட்டு வழக்கைத் தொடுக்கும் காலக்கெடுவை அந்தந்த நாட்டுச் சட்டமே முடிவு செய்கிறது. பிரான்சில் ஐந்து ஆண்டு; ஜெர்மனியில் மூன்று, அதுவும் சம்பவம் நடந்த ஆண்டின் முடிவிலிருந்து கணக்கு. இதைப் பார்க்காமல் நல்ல வழக்கையும் இழக்கலாம்.

பிரிட்டன் 2020-இல் ஒன்றியத்தை விட்டு விலகியது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் உறுப்பு நாடுகள் அல்ல. அங்கே வாழும் தமிழர்கள், பிரிட்டனின் விலகல் ஒப்பந்தம் தொடர்பான சில வழக்குகள் தவிர, தங்கள் நாட்டு நீதிமன்றம் வழியாக லக்சம்பர்க்கிலுள்ள ஒன்றிய நீதிமன்றத்துக்குக் கேள்வி அனுப்ப முடியும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

உறுப்பு நாடுகளில் வாழ்பவர்கள், நீங்கள் மனு எழுதும்போதே ஐரோப்பிய விதியின் எண்ணையும் பிரிவையும் குறிப்பிடுங்கள். பிரிவு 267-இன் கீழ் கேள்வி அனுப்பும்படி கோர வேண்டியிருந்தால் அதை முதல் நிலையிலேயே எழுத்தில் கேளுங்கள், கேட்க நினைக்கும் கேள்வியின் வாசகத்தோடு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் அந்த நாட்டின் இலவசச் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.