ஆறு நிமிடம் எங்கே போனது?

ஜிடிஏ ஆன்லைன் 2013இல் வந்த விளையாட்டு. கணினியில் அதைத் திறந்தால், ஆட்டத்துக்குள் நுழைவதற்கு முன் பல நிமிடங்கள் ஏற்றுதிரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வருடக்கணக்காக எல்லோரும் திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள். சர்வர் திணறுகிறது, நெட் சரியில்லை, என் கம்ப்யூட்டர் பழசு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

2021 பிப்ரவரி கடைசியில் ஒருவர் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினார். அவர் விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனத்தின் ஊழியர் அல்ல, விளையாட்டின் மூலநிரலும் அவர் கையில் இல்லை. அவருடைய கணினியில் ஆட்டம் ஏற ஏறக்குறைய 6 நிமிடம் ஆனது. முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தார். காத்திருப்பில் பெரும்பகுதி நேரம் நெட்டும் சும்மா இருந்தது, டிஸ்கும் சும்மா இருந்தது. ஆனால் சிபியுவின் ஒரே ஒரு கோர் மட்டும் நிமிடக்கணக்கில் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக, எதற்காகவும் காத்திருக்கவில்லை. ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. எந்தக் கணக்கு என்று தெரிந்துகொள்ள அவர் எடுத்த கருவி புரொஃபைலர்.

ஒரு நிரல் ஓடும்போது அதன் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று கணக்கெடுப்பதுதான் புரொஃபைலரின் வேலை. கேட்கும்போது சுலபமாகத் தெரிகிறது. ஒவ்வொரு ஃபங்ஷனும், அதாவது ஒரு வேலைக்கென எழுதிய நிரல் துண்டும், தொடங்கும்போது மணி பார், முடியும்போது மணி பார், கழித்துக்கொள். இந்த வழியும் உண்டு, இதற்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று பெயர். சிக்கல் என்னவென்றால், நொடிக்குக் கோடி முறை அழைக்கப்படும் ஒரு குட்டி ஃபங்ஷனில் மணி பார்க்கும் வேலையே அந்த ஃபங்ஷனின் வேலையைவிடப் பெரிதாகிவிடும். அளக்கப் போனதே அளவைக் கெடுத்துவிடுகிறது.

அதனால் இன்று பெரும்பாலும் பயன்படுவது சாம்பிளிங் முறை. பையன் அறையில் படிக்கிறானா என்று அம்மா அவ்வப்போது எட்டிப் பார்ப்பது போன்றது இது. அவர் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவதில்லை. இருபது முறை எட்டிப் பார்த்ததில் பதினைந்து முறை கையில் போன் இருந்தால், மாலைப் பொழுதின் முக்கால்வாசி எங்கே போனது என்று சொல்லிவிடலாம்.

கணினியில் எட்டிப் பார்ப்பது இப்படி நடக்கிறது. சிபியுவுக்குள் இருக்கும் ஒரு கவுன்டர் குறிப்பிட்ட அளவு ஓடி நிரம்பியதும் ஓர் இன்டரப்ட், அதாவது குறுக்கீடு, எழுகிறது. ஓடிக்கொண்டிருந்த நிரல் அப்படியே நிற்கிறது. இயங்குதளம் உள்ளே வந்து, சிபியு இந்த நொடியில் எந்த முகவரியில் உள்ள கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருந்தது என்று குறித்துக்கொள்கிறது, பிறகு நிரலைத் தொடர விடுகிறது. நின்றது நிரலுக்குத் தெரியாது. அந்த முகவரி எந்த ஃபங்ஷனுக்குள் வருகிறது என்று பெயர் தேடுவதெல்லாம் பிறகு, ஆற அமர நடக்கும். லினக்ஸில் 2009 முதல் இருக்கும் பெர்ஃப் என்ற கருவி இப்படித்தான் வேலை செய்கிறது.

பெர்ஃப் பயன்படுத்துபவர்கள் நொடிக்கு 99 முறை என்று கொடுப்பதைப் பார்க்கலாம். ஏன் 100 என்று முழுசாக வைக்கக் கூடாது? அம்மா ஒவ்வொரு மணிக்கும் சரியாக வந்து எட்டிப் பார்ப்பவர் என்றால், பையன் அந்த நேரத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வான். நிரல்களிலும் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேலைகள் நிறைய உண்டு. 100 முறை பார்த்தால் ஒன்று அந்த வேலை ஒவ்வொரு முறையும் கண்ணில் படும், இல்லையென்றால் ஒருமுறைகூடப் படாது. 99 என்றால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகும்.

இவ்வளவு குறைவாகப் பார்த்தால் போதுமா? முப்பது நொடி ஓட்டினால் சுமார் 3,000 மாதிரிகள் கிடைக்கும். ஒரு ஃபங்ஷன் உண்மையில் 20 சதவீத நேரம் எடுக்கிறது என்றால், இந்த அளவீட்டில் அது பெரும்பாலும் 18.5க்கும் 21.5க்கும் இடையில் வந்து நிற்கும். எங்கே கை வைப்பது என்று முடிவு செய்ய இதற்கு மேல் துல்லியம் தேவையில்லை.

சரி, விளையாட்டுக்கு வருவோம். புரொஃபைலர் இரண்டு இடங்களைக் காட்டியது. அதில் ஒன்று 'ஸ்டிர்லென்'. சி மொழியில் எழுதியவர்கள் எல்லோருக்கும் பழக்கமான, ஒரு சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளத்தை எண்ணிச் சொல்லும் எளிய ஃபங்ஷன். முதல் எழுத்திலிருந்து, முடிவைக் குறிக்கும் சுழியம் வரும்வரை நடந்து போய் எண்ணும், அவ்வளவுதான். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

புரொஃபைலரைப் புதிதாகப் பிடிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பெயரைக் குற்றவாளி என்று எடுத்துக்கொண்டு அதை வேகப்படுத்தக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் நேரம் செலவான இடம் வேறு, அந்தச் செலவுக்குக் காரணமான இடம் வேறு. ஸ்டிர்லென்னை யார் கூப்பிட்டார்கள், அவர்களை யார் கூப்பிட்டார்கள் என்று படியேறிப் போக வேண்டும். அதற்காகத்தான் புரொஃபைலர் ஒவ்வொரு மாதிரியிலும் அந்த நேரத்து ஃபங்ஷனோடு சேர்த்து, அது வரை வந்த அழைப்புச் சங்கிலி முழுவதையும் பதிவு செய்கிறது.

அவர் படியேறினார். பெயர்கள் இல்லாத இயந்திர நிரலை அசெம்பிளியாகப் பிரித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல் ஜேசன் என்ற வடிவில் எழுதிய ஓர் எழுத்துக் கோப்பாக வருகிறது. அளவு சுமார் 10 மெகாபைட், 63,000 பதிவுகள். அதிலிருந்து ஒவ்வொரு மதிப்பையும் பிடுங்கி எடுக்க 'எஸ்ஸ்கேன்எஃப்' என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதன் உள்ளே ஒரு பழக்கம் உண்டு: படிக்கத் தொடங்கும் முன் தன் கையில் உள்ள சரத்தின் நீளம் என்ன என்று ஸ்டிர்லென்னிடம் கேட்கும். அதாவது நாலு எழுத்துள்ள ஓர் எண்ணைப் படிக்க, மிச்சமுள்ள கோப்பு முழுவதையும் கடைசி வரை எண்ணிவிட்டு வரும். அடுத்த எண்ணுக்கு மறுபடி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரியாகப் பாதிக் கோப்பு, அதாவது 50 லட்சம் எழுத்துகள் மிச்சம் இருக்கும். ஒரு பதிவுக்கு ஒரே ஒரு தடவை எண்ணினால்கூட 63,000 பதிவுகளுக்கு 31,500 கோடி எழுத்துகள். படிக்க வேண்டியதோ ஒரு கோடி எழுத்துதான்.

இரண்டாவது இடம் இன்னும் வேடிக்கை. படித்த ஒவ்வொரு பொருளையும் ஒரு வரிசையில் சேர்க்கும் முன், இது ஏற்கெனவே இருக்கிறதா என்று வரிசையை முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 63,000 பொருட்களுக்கு ஏறக்குறைய 198 கோடி ஒப்பீடுகள். ஒவ்வொரு பொருளுக்கும் அடையாள எண் போன்ற ஹாஷ் மதிப்பு கையிலேயே இருந்தது. ஒரு ஹாஷ் டேபிளில் போட்டிருந்தால் ஒரே எட்டில் தெரிந்திருக்கும். அதைவிட, பட்டியலில் ஒரே பொருள் இரண்டு தடவை வருவதே இல்லை என்று அவர் பார்த்தார். சோதனையே தேவையில்லை.

ஸ்டிர்லென் ஒருமுறை எண்ணிய நீளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஒரு சின்ன ஒட்டுவேலை செய்தார். ஏற்கெனவே இருக்கிறதா என்ற சோதனையைத் தூக்கினார். ஏற்றும் நேரம் 1 நிமிடம் 50 நொடிக்கு இறங்கியது, கிட்டத்தட்ட 70 சதவீதம் குறைவு. ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் பரிசு கொடுத்து, மார்ச்சில் திருத்தத்தையும் வெளியிட்டது.

அந்த நிரலை எழுதியவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் பட்டியலில் நூறு பொருள் இருக்கும்போது இந்த இரண்டு தவறும் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. பட்டியல் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும் வகையைச் சேர்ந்தவை இவை. சோதனைக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தரவில் எல்லாம் பறக்கும். பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும்.

கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் 1971இல் ஃபோர்ட்ரான் மொழி நிரல்களை ஆராய்ந்து, நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் பொதுவாக ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்குகிறது என்று எழுதினார். அவசரப்பட்டு வேகப்படுத்தாதே என்று அவர் 1974இல் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே கட்டுரையில், எந்தப் பகுதி முக்கியம் என்ற நிரலாளர்களின் ஊகம் அளந்து பார்த்தால் தவறிப்போகிறது என்றும் சொல்லியிருப்பார். அதை மேற்கோள் காட்ட ஆள் இல்லை.

அழைப்புச் சங்கிலிகளைச் சேகரிப்பது ஒரு பாடு, அவற்றைப் படிப்பது இன்னொரு பாடு. பெரிய நிரல் ஒன்றில் அரை நிமிடம் பதிவு செய்தால் லட்சக்கணக்கான வரிகள் வந்து குவியும். 2011இல் ஜாயன்ட் நிறுவனத்தில் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் பிரச்சினை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரெண்டன் கிரெக் அதை ஒரே படமாக மாற்றினார். ஒரே மாதிரியான சங்கிலிகளை ஒன்றாகச் சேர்த்து, அழைத்தவன் கீழே, அழைக்கப்பட்டவன் மேலே என்று பெட்டிகளாக அடுக்கினார். பெட்டி எவ்வளவு அகலமோ அவ்வளவு மாதிரிகளில் அந்த ஃபங்ஷன் இருந்தது என்று பொருள். சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு போலத் தெரிந்ததால் ஃபிளேம் கிராஃப் என்று பெயர். இடமிருந்து வலமாகப் போவது நேரம் என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். நேரம் இல்லை, வெறும் அகரவரிசை. அகலமான மேடு எங்கே என்று பார்த்தால் போதும், அப்புறம் அங்கிருந்து கீழே இறங்கி யார் கூப்பிட்டது என்று தேடலாம்.

சிபியுவில் ஓடும் நிரல் மட்டும்தான் இந்த வலையில் சிக்கும். டேட்டாபேஸ் பதிலுக்காகவோ ஒரு பூட்டு திறப்பதற்காகவோ நிரல் தூங்கிக்கொண்டிருந்தால் மாதிரி எதுவும் விழாது. வாடிக்கையாளர் பத்து நொடி காத்திருப்பார், புரொஃபைலர் எல்லாம் நலம் என்று சொல்லும். அப்போது நிரல் எப்போது தூங்கப் போனது, எப்போது எழுந்தது என்று இயங்குதளத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.

ஒருமுறை சரிசெய்த வேகம் அப்படியே நிற்பதும் இல்லை. பத்து பேர் தினமும் நிரலை மாற்றும் இடத்தில் வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் அரை சதவீதம் மெதுவாக்கினால் வருடக் கடைசியில்தான் உறைக்கும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே சோதனையை ஓட்டி எண்களைச் சேர்த்து வைக்கிறார்கள். எண் தாவினால், ஆயிரம் மாற்றங்களுக்குள் எது காரணம் என்பதை நடுவில் வெட்டி வெட்டிப் பத்தே சோதனையில் பிடித்துவிடலாம். கூகுள் தன் தரவு மையங்களில் ஓயாமல் சாம்பிளிங் செய்கிறது. நினைவக ஒதுக்கீடு, தரவைச் சுருக்குவது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது போன்ற கூலி வேலைகளே சிபியு நேரத்தில் 30 சதவீதம் வரை தின்கின்றன என்று 2015இல் வந்த ஆய்வுக்கட்டுரை இந்தத் தரவிலிருந்து சொன்னது.

ஆனால் தாவியது உண்மையிலேயே தாவலா என்று தெரிவது கடினம். நிரல் தொடங்கும்போது இயங்குதளம் அதனிடம் கொடுக்கும் சூழல் மாறிகளின் மொத்த நீளம் மாறினால், நினைவகத்தில் ஸ்டாக் என்ற தற்காலிக வேலைப் பகுதி தொடங்கும் இடம் நகரும், அதனாலேயே ஒரே நிரலின் வேகம் மாறும் என்று 2009இல் ஓர் ஆய்வுக்குழு காட்டியது. பயனர் பெயரும் அந்த மாறிகளில் ஒன்றுதான். கோட்டில் ஒரு எழுத்துகூட மாறாமல், ஓட்டியவர் மாறியதால் நேரம் மாறலாம். அதனால் இந்தத் துறையில் ஊறியவர்கள் அளப்பதற்கு முன் கணினியில் மற்ற சத்தங்களை, அதாவது பின்னணியில் ஓடும் வேலைகளை எல்லாம் அடக்கிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

2024 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வேறு எதையோ நுணுக்கமாக அளப்பதற்காகக் கணினியை அமைதிப்படுத்தியபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வர் அளவுக்கு மீறி சிபியு எடுப்பதைக் கவனித்தார். யாரோ தவறான பெயர்களில் நுழையப் பார்க்கிறார்கள், உடனே விரட்டப்படுகிறார்கள், அதற்கு இவ்வளவு வேலை ஆகாது. அளந்தார். முன்பு 0.3 நொடி எடுத்தது இப்போது 0.8 நொடி. பெர்ஃப் போட்டுப் பார்த்ததில் நேரம் போன இடம் லிப்எல்இசட்எம்ஏ என்ற சுருக்க நூலகம். எஸ்எஸ்எச் நுழைவுக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அதோடு, அந்த மாதிரிகளுக்கு எந்த ஃபங்ஷனின் பெயரையும் பெர்ஃபால் சொல்ல முடியவில்லை.

பெயர் இல்லாத இடத்தைத் தோண்டிக்கொண்டே போனவர் மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தது ஒரு பின்கதவை, அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வைத்த வழியை. அந்தச் சுருக்க நூலகம் அடங்கிய எக்ஸ்இசட் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், சோதனைக் கோப்புகள் என்ற வேடத்தில் யாரோ அதை ஒளித்து வைத்திருந்தார்கள். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகள் வரை அது வந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்புகளுக்குப் போவதற்குள் பிடிபட்டது. அரை நொடி எங்கே போனது என்பதையும் அவர் அந்த அறிவிப்பிலேயே எழுதியிருந்தார். எஸ்எஸ்எச் தொடங்கும் ஒவ்வொரு முறையும், தான் தொற்றிக்கொள்ள வேண்டிய ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று அந்தப் பின்கதவு நினைவகத்தில் உள்ள பெயர்ப் பட்டியல்களைத் துழாவிக்கொண்டிருந்தது.