மீதி எட்டு எங்கே?

மும்பையின் செம்பூரிலிருந்து என்னிடம் உளவியல் ஆலோசனைக்கு வந்த 26 வயதுப் பெண் ஒருவர், நாற்காலியின் நுனியில் அமர்ந்தபடி, பெயரைச் சொல்வதற்கு முன்பே மதிப்பெண்களைச் சொன்னார். (அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பத்தாம் வகுப்பில் 92 விழுக்காடு, பிறகு சி.ஏ. இறுதித் தேர்வில் இரண்டு முறை தோல்வி. அந்த 92 வந்த அன்று அப்பா கேட்டது மட்டும் இன்னும் காதில் ஒலிக்கிறதாம்: "சரி, மீதி எட்டு எங்கே?" மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கேட்டவரும் கல்நெஞ்சர் அல்லர்; லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வந்து கட்டணம் கட்டியவர்.

வளரும் நாட்டம் மனிதருக்குள்ளேயே உண்டு என நம்பும் மனிதநேய உளவியலின் முன்னோடிகளில் ஒருவரான கார்ல் ராஜர்ஸ் (1902–1987), இப்படி அன்போடு ஒட்டிக்கொண்டு வரும் எதிர்பார்ப்புகளை 'மதிப்புக்கான நிபந்தனைகள்' என்றார். அன்பை இழந்துவிடுவோமோ என்று அஞ்சும் குழந்தை, தனக்கு என்ன தோன்றுகிறது என்பதை விட்டுவிட்டு, பெரியவர்களுக்கு எது பிடிக்கும் என்பதையே அளவுகோலாக்கிக்கொள்கிறது. நாளடைவில் உள்ளே உணர்வதும் வெளியே காட்டிக்கொள்வதும் ஒன்றைவிட்டு ஒன்று விலக, அந்த இடைவெளியில் பதற்றம் குடியேறுகிறது.

ஆழ்மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வுக்கும், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயும் நடத்தையியலுக்கும் மாற்றாக அமெரிக்காவில் எழுந்த மனிதநேய உளவியலை 'மூன்றாம் ஆற்றல்' என்பர். ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய தேவைகளின் படிநிலைக் கோட்பாடும் இதனுடையதே; பசி, பாதுகாப்பு போன்ற அடிப்படைத் தேவைகள் தொடங்கி, தன் திறனை முழுமையாக வெளிப்படுத்துவது வரை படிப்படியாக அடுக்குவது அது. நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் காட்டப்படும் அந்த முக்கோணத்தை மாஸ்லோ வரையவில்லை என்பதையும், படிகளின் வரிசை மாறக்கூடும் என்று அவரே எழுதியிருப்பதையும் பயிற்றுநர்கள் சொல்வதில்லை. ஒருவருக்குள் இருக்கும் திறன் என்றாலே ஏறவேண்டிய ஏணி என்ற எண்ணம் அந்தப் படத்திலிருந்துதான் வலுத்தது என்பது என் கருத்து.

ராஜர்ஸ் காட்டும் படிமம் வேறு. சிறுவயதில் தம் வீட்டின் நிலவறையில், குளிர்காலத்துக்காகச் சேமித்திருந்த உருளைக்கிழங்குகள், எட்டாத உயரத்துச் சன்னலிலிருந்து வந்த மங்கிய வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டியதை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். நம் வீட்டு வெங்காயக் கூடையின் அடியில் மறந்துபோன கிழங்கும் அதைத்தான் செய்கிறது. அந்த முளை ஒருபோதும் முழுச் செடியாகாது; ஆனாலும் வளர முயல்வதை நிறுத்துவதில்லை. மனிதர்களிடமும் இந்த நாட்டம் உண்டு, சூழல்தான் அதைக் கோணலாக்குகிறது என்பது அவர் துணிபு.

அந்தச் சூழலை மாற்ற ஆலோசகரிடம் இருக்கவேண்டியவற்றை 1957இல் ஒரு கட்டுரையில் வகுத்தார். அவற்றுள் முதன்மையானவை மூன்று: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நேர்மை, நிபந்தனையற்ற ஏற்பு, பிறர் உணர்வை அவர் நிலையிலிருந்தே உணரும் ஒத்துணர்வு. எளிதாகத் தோன்றும், அறிவுரை சொல்லாமல் பத்து நிமிடம் அமர்ந்து பார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும். ஏற்பு என்பது செய்வதற்கெல்லாம் தலையாட்டுவதும் அன்று. உறக்கமும் பசியும் குலைந்து நாள்கள் ஓடினால், உயிரை விடும் எண்ணம் வந்தால், மனநல மருத்துவரை உடனே பார்க்கவேண்டும். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416.

மூன்றாவது சந்திப்பில், நெடுநேர மௌனத்துக்குப் பின், அடுக்ககக் காவலாளியின் மகளுக்கு மாடிப்படியில் சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்துப் பின்னக்கணக்கு சொல்லித்தருவதாக அந்தப் பெண் சொன்னார். "அதெல்லாம் ஒரு விஷயமா மேடம்" என்று உடனே சிரித்தும் கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அரைச் சப்பாத்தியில் பாதி எவ்வளவு என்று அந்தக் குழந்தை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று மட்டும் கேட்டேன். அன்றுதான் முதன்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார்.

சில வாரங்கள் கழித்து அப்பாவும் உடன் வந்தார். மீதி எட்டைப் பற்றி மகள் சொன்னதும் வெகுநேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தவர், "எங்கப்பா என்கிட்ட மார்க்கே கேட்டதில்லைம்மா. கேக்கவாவது ஒரு ஆள் இருக்கணும்னு நெனச்சேன்" என்றார். மகளுக்கு அது புதிய செய்தி.